சொல்லுக்குப் பிணை: திருவள்ளூர் வட்டாரத்தில் பொது ஆதரவு என்னும் வழக்கின் வரலாறு

ஒருவருடைய கோரிக்கையையோ கொள்கையையோ கடனையோ மற்றொருவர் ஊரறிய ஏற்று, அதற்குத் துணையாகத் தம் பெயரைத் தருவது எல்லாச் சமூகங்களிலும் உள்ள வழக்கமே. ஆயினும் அவ்வாறு பெயர் தந்தவர் எதற்குக் கட்டுப்பட்டார், சொன்ன சொல் பொய்த்தபோது அவர் எதை இழந்தார் என்னும் வினாக்களுக்குரிய விடை காலத்துக்குக் காலம் மாறி வந்திருக்கிறது. அந்த மாற்றத்தைத் தொடர்ச்சியாகக் காண்பதற்குத் தொண்டை மண்டலத்தின் வடபகுதி, அதாவது செங்கல்பட்டு மாவட்டத்திலிருந்து பிரிக்கப்பட்டு 1997இல் தனி மாவட்டமான திருவள்ளூர், நல்ல களமாக அமைகிறது. வாய்மொழிக் கதை, செப்பேடு, கடற்கரை வணிகம், கூட்டுறவுக் கடன், எல்லைப் போராட்டம், தொழிற்சாலைக்கான கருத்துக்கேட்பு ஆகிய ஆறு வகைச் சான்றுகளும் இங்கு ஒரே மாவட்டத்து எல்லைக்குள் கிடைக்கின்றன.

பழையனூர்: வாக்கும் உயிரும்

திருவாலங்காட்டை அடுத்துள்ள பழையனூர், தமிழ்நாடு முழுவதும் நீலியின் கதையால் அறியப்பட்ட ஊர். முற்பிறவியில் கணவனால் கொல்லப்பட்ட பெண் பேயாகி, மறுபிறவியில் வணிகனாகப் பிறந்த அவனைப் பழிவாங்கத் தொடர்கிறாள் என்பதும், கள்ளிக் கொம்பைக் குழந்தையாக்கி இடுப்பில் ஏந்தி அவனுடைய மனைவி போல் நடித்து ஊர்ப் பெரியவர்களிடம் முறையிடுகிறாள் என்பதும், அவள் வடித்த பொய்க் கண்ணீரே நீலிக் கண்ணீர் என்னும் வழக்குக்கு மூலமாயிற்று என்பதும் பலரும் அறிந்த செய்திகள். ஆனால் கதையின் மையம் பேய் அன்று; வழக்கை விசாரித்த எழுபது வேளாளர்களே அதன் மையம். இப்பெண்ணுடன் ஒரே வீட்டில் இரவு தங்கினால் தனக்குச் சாவு நேரும் என்று வணிகன் அஞ்சியபோது, அவளை அவனுடைய மனைவியென்றே நம்பிய அவர்கள், அவனுக்குக் கேடு வந்தால் தாங்களும் உயிர் துறப்பதாகச் சபையில் வாக்களித்தனர். விடிந்தபோது வணிகன் மாண்டு கிடந்தான். எழுபதின்மரும் தாம் சொன்னபடியே தீயில் இறங்கினர்.

இக்கதை மிகப் பழையது. ஏழாம் நூற்றாண்டினரான திருஞானசம்பந்தரின் திருவாலங்காட்டுப் பதிகத்தில் வஞ்சனையால் ஓர் உயிரைக் கொண்ட பெண்ணைப் பற்றிய குறிப்பு வருவதால், அக்காலத்திலேயே இது இவ்வூரோடு சேர்த்துப் பேசப்பட்டது எனக் கொள்ளலாம். சமணத் தருக்க நூலான நீலகேசியின் தலைவியும் பழையனூர் நீலியே. திருவாலங்காட்டிலிருந்து பழையனூர் செல்லும் வழியில் வேளாளர் தீப்பாய்ந்த இடம் என்று காட்டப்படும் தொட்டி போன்ற அமைப்பும், அதன் உட்புறத்தில் அவர்கள் தீயில் இறங்கும் சிற்பக் காட்சியும், எதிரே சாட்சி பூதேசுவரர் கோயிலும் உள்ளன. நிகழ்ச்சி வரலாறா புனைவா என்பதைவிட, அதைப் பேணிய சமூகம் எதை அறமாகக் கருதியது என்பதே இங்குக் கருதத்தக்கது. எழுபதின்மர் செய்த தவறு வஞ்சகமன்று, ஆராய்ச்சிக் குறைவு. எனினும் தம் ஆதரவை நம்பி ஒருவன் கெட்டான் என்னும் ஒன்றே அவர்களைப் பொறுப்பாளிகளாக்கப் போதுமானதாக இருந்தது. ஆதரவு தருபவர் விளைவையும் தம் தலையில் ஏற்க வேண்டும் என்னும் கோட்பாட்டின் உச்ச வடிவம் இது.

செப்பேடு: பிடி நடந்த எல்லை

அதே பழையனூர் பதினொன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அரச ஆவணத்தில் இடம்பெறுகிறது. திருவாலங்காட்டுக் கோயிலில் 1905இல் கண்டெடுக்கப்பட்ட செப்பேட்டுத் தொகுதி, முதலாம் இராசேந்திர சோழனின் ஆறாம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது. 31 ஏடுகளை வளையத்தில் கோத்து அரச முத்திரையிட்ட அத்தொகுதி, பழையனூரைத் திருவாலங்காட்டு இறைவனுக்குக் கொடையாக்கிய செய்தியைக் கூறுகிறது. அதன் வடமொழிப் பகுதி சோழர் குலவரிசைக்காகவே பெரிதும் ஆராயப்பட்டிருந்தாலும், ஒரு கொடை ஊரார் ஏற்புடன் எவ்வாறு நிலைபெற்றது என்பதை அறிய உதவுவது தமிழ்ப் பகுதியே.

சோழர் சாசனங்களில் பொதுவாகக் காணப்படும் முறை பின்வருமாறு. அரசன் வாய்மொழியாக இடும் ஆணை திருவாய்க்கேள்வி எனப்பட்டது. அதைத் திருமந்திர ஓலை என்னும் எழுத்தர் ஓலையில் எழுத, அவருக்கு மேற்பட்ட திருமந்திர ஓலை நாயகம் முதலான அதிகாரிகள் மூலத்தோடு ஒப்பிட்டு ஒப்பம் இட்டனர். பின்னர் அது வரிக்கணக்கில் பதியப்பட்டு, திருமுகமாக, அதாவது அரசனின் கடிதமாக, உரிய நாட்டுக்கு அனுப்பப்பட்டது. நாடு என்பது பல ஊர்கள் சேர்ந்த வேளாண் வட்டாரம். அதன் நிலவுடைமையாளர் அவையினரே நாட்டார். திருமுகம் வந்ததும் நாட்டார் எதிர்சென்று வணங்கி அதனைத் தலைமேல் வைத்து ஏற்றனர். இவ்வளவில் அது பணிவுச் சடங்காகவே தோன்றும். ஆனால் அடுத்து அவர்கள் செய்தது சடங்கைக் கடந்த செயல்.

கொடைநிலத்தின் எல்லையை உறுதிசெய்யப் பெண்யானை ஒன்றை முன்னே விட்டு, நாட்டாரும் அக்கம்பக்கத்து ஊராரும் அரசு அலுவலரும் உடன் நடந்து எல்லை முழுவதையும் சுற்றி வந்தனர். இதற்குப் பிடி சூழ்தல் என்று பெயர். யானை நடந்த வழியில் கல்லையும் கள்ளிச் செடியையும் நட்டு, இன்ன ஊர் எல்லைக்கு மேற்கு, இன்ன வாய்க்காலுக்குத் தெற்கு என்று ஒவ்வொரு முனையையும் விவரித்து எழுதினர். இவ்வாறு எழுதப்பட்ட எல்லை ஆவணம், பல்லவர் காலத்தில் அறையோலை என்றும் சோழர் காலத்தில் அறவோலை என்றும் வழங்கியது. உடன் நடந்தவர்கள் அதன் இறுதியில் ஒவ்வொருவராகத் தம் ஊரையும் பெயரையும் சொல்லி, இவை என் எழுத்து என்னும் வாய்பாட்டால் கையெழுத்திட்டனர். எழுதத் தெரியாதவருக்காகப் பிறர் எழுதிய இடங்களில் அதுவும் குறிக்கப்படுவதுண்டு.

இக்கையெழுத்துகள் வெறும் சாட்சியக் குறிப்புகள் அல்ல. பக்கத்து ஊராரின் கையெழுத்து, தங்கள் நிலம் எங்கே முடிகிறது என்பதை அவர்களே ஒப்புக்கொண்டதற்குச் சான்றாகும். பின்னாளில் எல்லைத் தகராறு எழுந்தால் அவ்வெழுத்து அவர்களையே கட்டுப்படுத்தும். ஆகவே அரசனின் ஆணை மேலிருந்து வந்தாலும், அதன் வலிமை கீழே நடந்து பார்த்து எழுத்திட்டவர்களிடமிருந்தே பிறந்தது. பழையனூர்க் கதையில் உயிராக இருந்த பிணை செப்பேட்டில் நிலமாக மாறியது எனலாம். அதே வேளையில் இவ்வழக்கத்தின் குறுக்கத்தையும் மறைத்தல் ஆகாது. கையெழுத்திட்டவர் அனைவரும் நிலமுடையோர். அந்நிலத்தில் உழைத்தவர்களுக்கு எழுத்தும் இல்லை, அவையில் இடமும் இல்லை.

பழவேற்காடு: தரகரின் வாக்கு

பதினேழாம் நூற்றாண்டில் இவ்வட்டாரத்தின் கடற்கரை, உலகச் சந்தையோடு நேரடியாக இணைந்தது. சந்திரகிரியிலிருந்து ஆண்ட இரண்டாம் வேங்கடனின் இசைவைப் பெற்று 1610இல் பழவேற்காட்டில் நிலைகொண்ட ஒல்லாந்தர், 1613இல் கெல்திரியா கோட்டையைக் கட்டினர். 1690இல் தலைமையிடம் நாகப்பட்டினத்துக்கு மாறும் வரை சோழமண்டலக் கரையில் அவர்களுடைய ஆட்சி இங்கிருந்தே நடந்தது. தென்கிழக்காசியத் தீவுகளில் நறுமணப் பொருள்களை வாங்குவதற்கு அவர்களுக்குத் தேவைப்பட்ட பண்டம் இப்பகுதித் துணி. அதை நெய்தவர்கள் உள்நாட்டு ஊர்களில் சிதறி வாழ்ந்தவர்கள்.

முகம் அறியாத நெசவாளருக்கு முன்பணம் கொடுப்பது ஒல்லாந்தருக்கு இயலாததாகையால், உள்ளூர் வணிகர்கள் இடையில் நின்றனர். மாதிரித் துணியைப் பெற்று, முன்பணத்தை வாங்கி நெசவாளரிடையே பகிர்ந்து, குறித்த தவணையில் குறித்த தரத்தில் துணியைச் சேர்ப்பதாக அவர்கள் வாக்களித்தனர். பஞ்சத்தாலோ போராலோ நெசவு நின்றபோது முன்பணம் அவ்வணிகர் பெயரிலேயே கடனாக நின்றது. தனி வணிகர் முறிந்துபோகும் இடையூறு மிகுந்தமையால், அந்நூற்றாண்டின் பிற்பகுதியில் வணிகர் பலர் முதலைச் சேர்த்து ஒருவருக்கொருவர் பொறுப்பேற்கும் கூட்டு அமைப்புகள் தோன்றின. சோழமண்டல வணிகத்தை ஆராய்ந்த வரலாற்றாசிரியர் சின்னப்பா அரசரத்தினம் இவ்வமைப்புகளை விரிவாக விளக்கியுள்ளார்.

ஒருவர் எழுத்தைக் கொண்டு மற்றொருவர் பணம் பெறும் இம்முறைக்குப் பிற்காலச் சட்டம் திட்டவட்டமான வடிவம் தந்தது. 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டப்படி பிணை நிற்பவரின் பொறுப்பு, வேறு உடன்பாடு இல்லாதவரை, கடனாளியின் பொறுப்புக்கு முற்றும் சமமானது; மக்கள் வழக்கில் ஜாமீன் எனப்படுவது இதுவே. உண்டியல், காசோலை ஆகியவற்றை ஒழுங்குபடுத்திய 1881ஆம் ஆண்டின் மாற்றுமுறை ஆவணச் சட்டம், ஆவணத்தின் பின்புறம் கையெழுத்திட்டுப் பிறருக்கு மாற்றித் தருபவரையும், அது பணமாகாமல் திரும்பினால், தமக்குப் பின் அதைப் பெற்றவருக்குப் பொறுப்பாக்கியது. ஆங்கிலத்தில் எண்டார்ஸ் என்னும் வினை இவ்வாறு முதுகில் எழுதுவதையே முதலில் குறித்தது. ஒரு வேட்பாளரையோ கொள்கையையோ பண்டத்தையோ வெளிப்படையாக ஆதரிப்பது என்னும் பொருள் பின்னர் வந்து சேர்ந்தது. வங்கியில் அவ்வினை சுமந்த பணப்பொறுப்பு, மேடைக்கு வந்தபோது அதனுடன் வரவில்லை.

திரூர் 1904: வரம்பற்ற பொறுப்பு

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் சென்னை மாகாணத்து உழவர்களின் கடன் சுமை அரசின் கவனத்துக்கு வந்தது. நில வங்கி, வேளாண் வங்கி ஆகியவற்றை இங்குத் தொடங்க இயலுமா என ஆராயும்படி பணிக்கப்பட்ட பிரடரிக் நிக்கல்சன், 1895இலும் 1897இலும் இரண்டு தொகுதிகளாக அறிக்கை அளித்தார். செருமனியில் ரைபைசன் தோற்றுவித்த சிற்றூர்க் கடன் சங்கங்களே அவர் பரிந்துரைத்த முன்மாதிரி. ஏழை உழவன் ஒருவனுடைய சொல்லை வங்கி நம்பாது; ஆனால் ஒரே ஊரில் வாழ்ந்து ஒருவரையொருவர் அறிந்த பலர் சேர்ந்து தங்கள் அனைவருடைய உடைமையையும் பிணையாக்கினால் அவர்களை நம்பிப் பணம் தருவோர் உண்டு என்பதே அச்சங்கங்களின் அடிப்படை.

இந்திய அரசு 1904இல் கூட்டுறவுக் கடன் சங்கங்கள் சட்டத்தை இயற்றிய சில மாதங்களுக்குள், அன்று செங்கல்பட்டு மாவட்டத்திலும் இன்று திருவள்ளூர் மாவட்டத்திலும் அடங்கிய திரூரில் வேளாண் கூட்டுறவுக் கடன் சங்கம் பதிவு பெற்றது. அச்சட்டத்தின்கீழ் நாட்டிலேயே முதலில் பதிவான வேளாண் கடன் சங்கம் என்னும் சிறப்பு அதற்கு உரியது. பதின்மர் சேர்ந்தால் சங்கம் அமைக்கலாம் என்று சட்டம் எளிதாக வழிவிட்டாலும், ஊரகச் சங்கங்களுக்கு அது விதித்த நிபந்தனை கடுமையானது. சங்கத்தின் கடன் முழுவதற்கும் ஒவ்வோர் உறுப்பினரும் தம் சொத்து முழுவதாலும் பொறுப்பாவார். இதுவே வரம்பற்ற பொறுப்பு எனப்பட்டது.

இந்நிபந்தனையின் விளைவு சங்கத்தின் அன்றாட நடவடிக்கையில் வெளிப்பட்டது. பக்கத்து வீட்டுக்காரர் வாங்கும் கடன் திரும்பாவிட்டால் தம் நிலமும் போகக்கூடும் என்னும் நிலையில், கடன் மனு அவைக்கு வந்தபோது அதை ஆதரிப்பவர் விதைப்புக்காகவா திருமணச் செலவுக்காகவா என்று கேட்டார், கடந்த ஆண்டுத் தவணை தீர்ந்ததா என்று பார்த்தார், அறுவடைக்குப் பின் நினைவூட்டினார். பழையனூர் எழுபதின்மர் செய்யத் தவறிய ஆராய்ச்சியை இங்குப் பொறுப்பே கட்டாயமாக்கியது. எனினும் இதற்கும் மறுபக்கம் உண்டு. இழப்பதற்கு நிறைய உள்ள வசதியானவர் சங்கத்துக்கு வெளியே நின்றனர்; பிணையாகக் காட்ட எதுவுமில்லாத கூலி உழவர் உள்ளே வர இயலவில்லை. விடுதலைக்குப் பின் 1954இல் வெளிவந்த அனைத்திந்திய ஊரகக் கடன் ஆய்வு, பெரிய சங்கங்களையும் வரம்புக்குட்பட்ட பொறுப்பையும் பரிந்துரைத்தது. அதன்பின் வரம்பற்ற பொறுப்பு வழக்கொழிந்தது. கடனுக்கு ஜாமீன் கையெழுத்துக் கேட்கும் முறை மட்டும் நிலைத்துவிட்டது.

தீர்மானமும் வழிமொழிதலும்

பணம் சார்ந்த பிணை இவ்வாறு சட்டத்தால் வரையறுக்கப்பட்ட அதே காலத்தில், அரசியல் ஆதரவு புதிய வடிவம் பெற்றது. ஒருவர் தீர்மானத்தை முன்மொழிய, மற்றொருவர் வழிமொழிய, அவை கையொலியாலோ கைதூக்கலாலோ அதனை நிறைவேற்றும் முறை ஐரோப்பிய அவை வழக்கிலிருந்து வந்தது. 1885இல் பம்பாயில் கூடிய இந்திய தேசியக் காங்கிரசின் முதல் தீர்மானத்தை முன்மொழிந்தவர் சென்னையைச் சேர்ந்த ஜி. சுப்பிரமணிய ஐயர். அக்காலத் தமிழ் இதழ்களில் பிரேரேபித்தல், ஆமோதித்தல் என வழங்கிய இவ்வினைகள், பின்னர் தனித்தமிழ் உணர்வு வளர்ந்தபோது முன்மொழிதல், வழிமொழிதல் என நிலைபெற்றன. கூட்டத்துக்குத் தலைவரைத் தேர்ந்தெடுப்பது முதல் நன்றி கூறுவது வரை எல்லாவற்றுக்கும் இம்முறை பரவியதால், வழிமொழிதல் என்பது பலருக்கு மேடையில் ஒருமுறை எழுந்து நிற்பதற்கான வாய்ப்பாகச் சுருங்கியது.

ஆனால் எல்லாத் தீர்மானங்களும் அவ்வாறு எளிதாக முடிந்துவிடவில்லை. 1929 பிப்ரவரியில் டபிள்யூ. பி. ஏ. சௌந்திரபாண்டியன் தலைமையில் செங்கல்பட்டில் கூடிய முதல் மாகாணச் சுயமரியாதை மாநாடு, சாதிப் பட்டங்களைத் துறக்க வேண்டும் என்றும் பெண்களுக்குச் சொத்தில் சம உரிமை வேண்டும் என்றும் தீர்மானித்தது. ஈ. வெ. இராமசாமி அதற்கு முன்பே, 1927இன் இறுதியில், தம் இதழில் தம் பெயரோடு இருந்த பட்டத்தை நீக்கியிருந்தார். சாதிப் பட்டத்தைத் துறக்கும் தீர்மானத்தை ஆதரித்தவர் மறுநாள் தம் பெயரை அப்பட்டத்தோடு எழுதினால் ஊர் நகைக்கும். ஆதலால் அவ்வாதரவு பேசியவரையே முதலில் மாற்றியது. நிலமோ பணமோ பிணையாக வைக்கப்படாத போதும், சொந்தப் பெயரே பிணையானது.

இரண்டாவது சான்று திருத்தணி. 1911இல் உருவாக்கப்பட்ட சித்தூர் மாவட்டத்தில் தமிழர் மிகுந்த திருத்தணிப் பகுதியும் சேர்க்கப்பட்டிருந்தது. அப்பகுதியில் ஆசிரியர் மங்கலங்கிழார் தமிழ்ப் பள்ளிகளும் சங்கங்களும் வழியாக மொழியுணர்வை வளர்த்திருந்தார். 1946இல் தமிழரசுக் கழகத்தைத் தொடங்கிய ம. பொ. சிவஞானம் அதனை வடக்கெல்லைப் போராட்டமாக விரித்தார். 1953 அக்டோபர் முதல் நாள் ஆந்திர மாநிலம் தோன்றவிருந்த நிலையில், அவ்வாண்டு முழுவதும் பொதுக்கூட்டம், கடையடைப்பு, தடை மீறல் எனக் கிளர்ச்சி நடந்தது. ம. பொ. சி. உள்ளிட்ட பலர் சிறை சென்றனர். சிறைப்பட்டவர்களில் உயிர் நீத்தவர்களும் உண்டு. இங்கு ஆதரவு என்பது வேலையை, விடுதலையை, சிலருக்கு உயிரையே விலையாகக் கேட்டது.

எனினும் எல்லையைத் தீர்மானித்தது கூட்டங்களின் அளவு மட்டுமன்று. இரு மாநிலங்களுக்கும் இடையே நடுவராக அமர்ந்த எச். வி. பட்டாஸ்கர், கிராமத்தை அலகாகக் கொள்ளுதல், அங்குப் பெரும்பான்மையினர் பேசும் மொழியைப் பார்த்தல், நிலத் தொடர்ச்சியைக் காத்தல், மக்கள் விருப்பத்தைக் கருதுதல் ஆகிய நெறிகளின்படி முடிவு கூறினார். பிற மாநில எல்லை வழக்குகளிலும் பின்னர் எடுத்துக்காட்டப்பட்ட பட்டாஸ்கர் சூத்திரம் இதுவே. அதன் அடிப்படையில் இயற்றப்பட்ட சட்டம் 1960 ஏப்ரல் முதல் நாள் நடைமுறைக்கு வர, திருத்தணி வட்டத்தின் பெரும்பகுதி சென்னை மாநிலத்தோடு இணைந்தது. பொன்னேரி, திருவள்ளூர் வட்டங்களின் சில கிராமங்கள் ஆந்திரத்துக்குச் சென்றன. கணக்கெடுப்பாளரிடம் தம் தாய்மொழியைச் சொன்ன குடும்பத் தலைவரின் ஓசையற்ற பதிவும், தடையை மீறிச் சிறை சென்றவரின் ஓங்கிய முழக்கமும் சேர்ந்தே இன்றைய வடஎல்லையை வரைந்தன. ஒன்று இல்லாமல் மற்றொன்று பயன்பட்டிருக்காது என்பதே அப்போராட்டம் தரும் பாடம்.

கும்மிடிப்பூண்டிக் காலம்: கருத்துக்கேட்பு

கும்மிடிப்பூண்டியில் சிப்காட் தொழிற்பேட்டை அமைந்தது முதல் இம்மாவட்டத்தின் வடகிழக்கு, இரும்பு உருக்கு, வேதிப்பொருள், மின்னாக்கம், துறைமுகம் ஆகியவற்றின் நிலமாயிற்று. தொழிற்சாலை வாயிலில் நின்று சங்கத்தார் பேசும் வாயிற்கூட்டமும், ஊராட்சியின் கிராம சபையும், புதிய திட்டங்களுக்கான மக்கள் கருத்துக்கேட்புக் கூட்டமும் இங்கு ஆதரவும் எதிர்ப்பும் வெளிப்படும் மேடைகள். இவற்றுள் கருத்துக்கேட்பு, 1997இல் செய்யப்பட்ட திருத்தத்தால் சுற்றுச்சூழல் அனுமதி நடைமுறையில் கட்டாயமாக்கப்பட்டு, 2006 செப்டம்பர் 14ஆம் நாளிட்ட அறிவிக்கையால் இன்றைய வடிவத்தைப் பெற்றது.

அதன் நடைமுறை செப்பேட்டுக் காலத்து எல்லை நடத்தலைப் போலவே நுணுக்கமாக எழுதப்பட்டுள்ளது. மாசுக் கட்டுப்பாட்டு வாரியம், தேசிய நாளிதழ் ஒன்றிலும் வட்டார மொழி நாளிதழ் ஒன்றிலும் அறிவிப்பு வெளியிட்டு, மக்கள் கருத்துக் கூற 30 நாள்களேனும் தர வேண்டும். சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டின் வரைவு அறிக்கை ஆட்சியர் அலுவலகம் முதலான இடங்களில் பார்வைக்கு இருக்க வேண்டும். மாவட்ட ஆட்சியரோ அவர் சார்பில் உரிய தகுதியுள்ள அலுவலரோ தலைமை வகிக்க, வந்தவர்களின் பெயர்கள் பதியப்பட்டு, நிகழ்வு முழுவதும் காணொளியாக்கப்பட வேண்டும். இறுதியில் கூறப்பட்ட கருத்துகளின் சுருக்கம் வட்டார மொழியில் அவைக்குப் படித்துக் காட்டப்பட்டுத் தலைமை அலுவலர் கையொப்பமிட வேண்டும்.

ஆனால் இவ்விதிகளில் கவனிக்கத்தக்க இடைவெளிகள் உள்ளன. முதலாவது, கூட்டம் தொடங்கக் குறைந்தபட்ச வருகை எதுவும் தேவையில்லை என்று அறிவிக்கையே கூறுகிறது. தமிழ்நாட்டுக் கிராம சபையிலோ மக்கள்தொகை 500 வரையுள்ள ஊராட்சியில் 50 பேரும், 10,000க்கு மேற்பட்டதில் 300 பேரும் இருந்தால்தான் தீர்மானம் செல்லும். இரண்டாவது, முறையான அனுமதி பெற்ற தொழிற்பேட்டைக்குள் அமையும் ஆலைகளுக்குத் தனிக் கருத்துக்கேட்பு தேவையில்லை என விலக்கு உண்டு. மூன்றாவது, பேசுபவர் தம் பெயரையும் ஊரையும் சொன்னால் போதும். திட்டத்தோடு தமக்குள்ள தொடர்பைச் சொல்ல வேண்டியதில்லை. அத்திட்டத்துக்கு மணல் ஏற்றும் ஒப்பந்தக்காரரும், நிலம் விற்கக் காத்திருப்பவரும், வேலை எதிர்பார்க்கும் இளைஞரும், அதே கடலில் வலை வீசும் மீனவரும் அவைக் குறிப்பில் ஒரே வகையினராகவே பதிவாகின்றனர். விண்ணப்பித்த நிறுவனம் உண்மையை மறைத்தால் அனுமதியை நீக்கும் அதிகாரம் அறிவிக்கையில் உண்டு. ஆதரித்துப் பேசியவருக்குப் பொறுப்பு ஏதுமில்லை. பொன்னேரி வட்டத்துக் காட்டுப்பள்ளித் துறைமுக விரிவாக்கத்துக்கென 2021 ஜனவரியிலும் 2023 செப்டம்பரிலும் அறிவிக்கப்பட்ட கருத்துக்கேட்புக் கூட்டங்கள் இருமுறையும் ஒத்திவைக்கப்பட்ட நிகழ்வு, இம்மேடை இப்பகுதியில் எத்துணைப் பதற்றத்துக்குரியது என்பதைக் காட்டுகிறது.

பொறுப்பு யாருக்கு

இவ்வரலாற்றை ஒரே சரிவாகக் காண்பது பிழையாகும். உயிரும் நிலமும் சொத்தும் பிணையாக இருந்த காலங்களில் ஆதரவுக்கு எடை மிகுதி. ஆனால் அது நிலமுடையோருக்கும் பணமுடையோருக்கும் மட்டுமே உரியதாக இருந்தது. பொறுப்பு குறைந்ததனால்தான் கூலித் தொழிலாளியும் மீனவப் பெண்ணும் அவையில் எழுந்து பேச இயன்றது. வாக்குச்சீட்டை மறைவாக்கிய தேர்தல் முறையும் இதே நோக்கமுடையது; ஆதரவை வெளிப்படுத்தினால் பண்ணையாரிடமோ முதலாளியிடமோ தண்டனை பெறக்கூடியவருக்கு மறைவே காப்பு. ஆகவே வலியவருக்கும் எளியவருக்கும் ஒரே வகைப் பொறுப்பை விதிப்பது அறமாகாது.

மறுபுறம், எண்ணிக்கையைக் கூட்டுவதால் மட்டும் ஆதரவின் தரம் உயர்வதில்லை என்பதும் அனுபவத்தில் கண்டது. அங்கீகாரம் பெற்ற கட்சியின் வேட்பாளருக்கு ஒரே முன்மொழிபவர் போதும் என்றும் மற்றவர்களுக்குப் பதின்மர் வேண்டும் என்றும் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் கூறுகிறது. குடியரசுத் தலைவர் தேர்தலில் 1974இல் 10 முன்மொழிபவர், 10 வழிமொழிபவர் என இருந்த நிபந்தனை 1997இல் 50, 50 என உயர்த்தப்பட்டது. இவை விளையாட்டுக்காகப் போட்டியிடுபவர்களைத் தடுத்தன. முன்மொழிந்தவரைத் தம் வேட்பாளரின் நடத்தைக்குப் பொறுப்பாக்கவில்லை.

சட்டம் பொறுப்பைத் திரும்பக் கொண்டுவந்த துறை விளம்பரம். 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, தவறான விளம்பரத்தில் ஒரு பொருளைப் பரிந்துரைத்தவருக்கு 10 இலட்சம் ரூபாய் வரையும், மீண்டும் செய்தால் 50 இலட்சம் வரையும் தண்டம் விதிக்கலாம். ஓராண்டு வரை, திரும்பச் செய்தால் மூன்றாண்டு வரை, வேறு எதையும் பரிந்துரைக்கக் கூடாதெனத் தடையும் இடலாம். தாம் கூறுவது உண்மையா என்று உரிய கவனத்துடன் ஆராய்ந்தவருக்கு விலக்கு உண்டு. 2022ஆம் ஆண்டின் வழிகாட்டு நெறிகள், பரிந்துரைப்பவருக்கு நிறுவனத்தோடு பொருள்சார் தொடர்பு இருந்தால் அதை வெளிப்படுத்த வேண்டும் என்றும் விதித்தன. ஆராய்ந்து பேசு, தொடர்பை மறைக்காதே, பொய்யானால் பொறுப்பேற்பாய் என்னும் இம்மூன்றும் பழையனூரும் திரூரும் முன்பே அறிந்திருந்த நெறிகள்தாம்.

பற்பசைக்கும் முகப்பூச்சுக்கும் பொருந்தும் விதி, ஓர் ஊரின் நீரையும் காற்றையும் கடலையும் தலைமுறைகளுக்கு மாற்றக்கூடிய திட்டத்துக்குப் பொருந்தாமல் இருப்பது முறையன்று. கருத்துக்கேட்பில் ஆதரித்தோ எதிர்த்தோ பேசும் ஒவ்வொருவரும் தம் பெயரோடும் ஊரோடும், அத்திட்டத்தில் தமக்கு ஒப்பந்தமோ நிலவிற்பனையோ சம்பளமோ உண்டா என்பதையும் பதிவு செய்ய வேண்டும் என ஒரு வரி சேர்த்தால் போதும். எளியவரின் வாயை அது அடைக்காது. ஆதாயத்துக்காகப் பேசும் குரலை மட்டும் அடையாளம் காட்டும். மாநில அரசும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியமும் திருவள்ளூர் மாவட்டத்திலேயே இதனைத் தொடங்கலாம். அதற்குத் தேவையானது வருகைப் பதிவேட்டில் கூடுதலாக ஒரு பத்தி மட்டுமே.